மாப்பிள்ளைத் தட்டு

அச்சகத்துக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்கு ஏறிப்போகப் பதினேழு மரப்படிகள். பாதி வழியில் படிக்கட்டு ஒரு முறை திரும்பும். அந்தத் திருப்பத்துப் படியில் யார் கால் வைத்தாலும் அது கிரீச்சிடும். ஆணி அடித்துச் சரிசெய்து தருகிறேன் என்று அச்சக முதலாளி மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் வேண்டாம் என்று தடுத்துவிட்டாள் அறையில் குடியிருந்தவள். தனியாக வாழ்கிறவளுக்கு அதைவிட நல்ல வாசல்மணி ஏது? படி கிரீச்சிட்டால் ஆள் வருகிறது. கிரீச்சிடாவிட்டால் யாரும் வரவில்லை. தான் ஏறி இறங்கும்போது எழும் சத்தம் அவள் காதில் விழுவதே இல்லை.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. கீழே அதே அச்சகத்தில் பிழை திருத்துபவள். அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், துண்டறிக்கை, சுவரொட்டி என எதுவானாலும் அவளுடைய சிவப்பு மையைத் தாண்டித்தான் அச்சேற வேண்டும். ஆனால் ஊர் அவளைப் போற்றியது அவளுடைய கண்ணுக்காக அல்ல, நாக்குக்காக. சுவையக்கா எங்கே என்று கேட்டால் பேருந்துக்காகக் காத்து நிற்பவரும் மாடியைக் கைகாட்டுவார்.

அந்தப் பட்டத்தை அவளுக்குத் தந்தது பக்கத்து விளைச்சல் நாள். ஆண்டுக்கு ஒரு முறை, நூலகத்தின் பின்னே வண்டிகள் நிறுத்தும் திடலில் கூடுகிற கூட்டம் அது. அதற்கு விதி ஒன்றே ஒன்று: மிதிவண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய விளைச்சலுக்கு மட்டுமே அங்கே இடம். லாரிக்கு இடமில்லை, குளிர்கிடங்குக்கு இடமில்லை, பூச்சிமருந்துக்கு நிழல்கூட இல்லை. "தூரத்தைத் தின்னாதே!" என்று பந்தல் முகப்பில் எழுதித் தொங்கவிடுவார்கள். அந்த வாசகத்தை எழுதியவளும் சுவையக்காதான். பக்கத்துத் தோட்டத்தில் பழுத்த பழம் வாங்குவாரின்றி அழுகுவதா, பழுக்கும் முன்பே பறித்துப் புகையிட்டுச் சிவக்கவைத்த பொய்ப்பழம் பல நூறு மைல் பயணம் செய்து வந்து நம் தட்டில் உட்காருவதா என்று அவள் துண்டறிக்கையில் கேட்டிருந்தாள். படித்தவர்கள் நாணினார்கள். நாணியவர்கள் பையை எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்தார்கள்.

அந்த நாளின் உச்சம் தக்காளிச் சுவைப்பு. விளைவித்தவர் யாரென்று சொல்லாமல், எண் மட்டும் ஒட்டிய தட்டுகளில், நான்காக நறுக்கிய தக்காளி வரிசையாக இருக்கும். அவற்றுள் ஒரு தட்டில் மட்டும் கடையில் வாங்கிய தொலைதூரத் தக்காளியைச் விழாவை நடத்தும் சங்கத்தின் செயலாளர் ஒளித்துவைப்பார். அதற்கு மாப்பிள்ளைத் தட்டு என்று பெயர். வெளியே பளபளப்பு, உள்ளே ஒன்றும் கிடையாது. பெயர் வைத்தவர் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த ரொட்டிக்கடைக்காரர். ஆகவே அவருடைய அனுபவத்தை மறுத்துப் பேச யாருக்கும் துணிவில்லை. அவர் மதிப்பெண் போடுவார். மாப்பிள்ளையைக் கண்டுபிடிப்பது மட்டும் சுவையக்காவின் தனியுரிமை. வாயில் வைப்பாள், கண்ணை மூடுவாள், விரலை நீட்டி, "மாப்பிள்ளை இவர்தான்!" என்பாள். ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறையும் தவறியதில்லை. திடலே அதிரும்.

அந்தக் கைதட்டல்தான் ஆண்டு முழுவதும் அவளுடைய படிக்கட்டில் ஏறி வந்தது. வெள்ளரி போட்டவர் வந்தார். கீரை போட்டவர் வந்தார். தேன்பெட்டி வைத்தவர் விரலில் வழிய வழிய வந்தார். வந்தார்கள், வைத்தார்கள், அவள் வாயையே பார்த்து நின்றார்கள். அவள் சுவைத்துச் சொன்ன பின், விதை இருந்தால் அதைக் கழித்துப்போட்ட அச்சுத்தாளின் பின்பக்கத்தில் தேய்த்துக் காயவைப்பாள். யாருடையது, எந்தத் தேதி, என்ன சுவை என்று கீழே எழுதிக் கொடியில் மாட்டுவாள். அதற்குள் வந்தவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். மோட்டார் பழுதான கதை, மகள் தேர்வில் கோட்டைவிட்ட கதை, மாமியார் கோபித்துக்கொண்டு போய் மறுநாளே திரும்பி வந்த கதை. அந்தக் கால்மணி நேரம்தான் அவளுடைய குடும்பம்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஏழு நாளில் போனது. எட்டாம் நாள் காலையில் கீழே இறங்கியவள், இன்று விடுமுறையோ என்று ஒரு கணம் திகைத்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்கள் இருந்தார்கள், மையின் வாடை மட்டும் இல்லை. நண்பகலில் ரொட்டியைக் கடித்தாள்: ஈரக் காகிதம். வெங்காயத்தைக் கடித்தாள்: கண்ணில் நீர் வந்தது, வாயில் ஒன்றும் வரவில்லை.

"திரும்பி வரலாம். வராமலும் போகலாம்," என்றார் மருத்துவர். "நல்லா சாப்பிடுங்க."

வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேசும் தங்கையிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

"சாப்டியாக்கா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"எல்லாந்தான்."

"ஒனக்கென்ன, ஊரே கொண்டாந்து வாயில ஊட்டுது. இங்க எங்க வீட்டுக்காரர் சமைக்கிறேன்னு கெளம்பியிருக்காரு. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். வைத்துவிட்டுச் சோற்றை விழுங்கினாள். உண்பது என்பது மெல்லுவதும் விழுங்குவதுமாகச் சுருங்கிவிட்டது. பசி இருந்தது, உணவு இருந்தது, இரண்டுக்கும் நடுவே இருந்த உறவு அறுந்துபோயிருந்தது.

அடுத்து யார் படியேறி வந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றே அவள் முடிவு செய்திருந்தாள். இரண்டு வாரம் கழித்துப் படி கிரீச்சிட்டது.

"அக்கா, கதவத் தொறங்க. கையில ரெண்டு பேரு இருக்காங்க, விழுந்துடுவாங்க!"

வந்தவள் தண்டவாளத்துக்காரி. அவள் கணவன் ரயில்பாதையில் வேலை செய்பவன். குடியிருப்புச் சுவருக்கும் ரயில்வேலிக்கும் இடையே நாற்பது அடி நீளத்தில் ஒரு துண்டு நிலம். அதில் அவள் மூன்றாண்டுகளாகத் தக்காளி போடுகிறாள். முப்பது வயதுக்காரி. பை கொண்டுவரும் பழக்கம் கிடையாது. கைக்கு ஒன்றாக இரண்டு தக்காளிகளை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"இது மெல்லிசுத் தோலு. தொட்டாலே கோவிச்சுக்கும், எங்க அத்தை மாதிரி. இது தடிச்ச தோலு. தூக்கி எறிஞ்சாலும் சிரிக்கும், எங்க வீட்டுக்காரர் மாதிரி. இருக்கிறது நாப்பது அடி. ரெண்டு பேரையும் வச்சுக் காப்பாத்த முடியாது. ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ணப் பிடுங்கணும். சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லையம்மா என்று சொல்லச் சுவையக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் வந்தவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரமாக வெறுமையாகக் கிடந்த முக்காலி அது.

சுவையக்கா கடித்தாள். இதில் ஒன்றுமில்லை. அதைக் கடித்தாள். அதிலும் ஒன்றுமில்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்று குழைந்தது, மற்றது எதிர்த்து நின்றது.

"தடிச்சத வச்சுக்கோ."

"அப்படியா?" தண்டவாளத்துக்காரி நெற்றியைச் சுருக்கினாள். "எனக்கென்னமோ மத்தது... சரி விடுங்க. உங்க வாய்க்கு முன்னால என் வாய் எம்மாத்திரம்?"

பிறகு அவள் இருபது நிமிடம் இருந்தாள். வேலியை மேற்பார்க்க வந்த ரயில்வே அதிகாரி செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் "ரெண்டு பழம் கெடைக்குமாம்மா?" என்று கேட்ட கதையை நடித்தே காட்டினாள். சுவையக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒரு பொய், அதற்குக் கூலி இருபது நிமிடம். எத்தனை பேர் இதைவிட மலிவாகத் தங்களை விற்றிருக்கிறார்கள்!

அவள் இறங்கிப்போன பின், பழக்கத்தின்படி இரண்டின் விதைகளையும் ஒரே தாளில் இரண்டு வரிசையாகத் தேய்த்தாள். தேதி எழுதினாள். தண்டவாளம், மெல்லிய தோல், தடித்த தோல் என்று எழுதினாள். சுவை என்ற இடத்தில் பேனா நின்றது. வெறுமையாகவே விட்டு மாட்டினாள்.

பொய் ஒரு தொழில். பத்து மாதத்தில் அவள் அதை நன்றாகக் கற்றுத் தேர்ந்தாள். உடனே சொல்லக் கூடாது. மென்றுகொண்டே எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்க வேண்டும். கண்ணில் பெருமை தெரிந்தால், "போன தடவைய விட நல்லா வந்திருக்கு." கண்ணில் கவலை தெரிந்தால், "தண்ணியக் கொஞ்சம் கொறச்சுப் பாருங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும் நன்றி சொன்னார்கள். அவர்கள் கொண்டுவந்த பதிலையே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாள்; அதையும் தீர்ப்பென்று தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

அடுத்த பக்கத்து விளைச்சல் நாளுக்கான துண்டறிக்கை அவள் மேசைக்குத்தான் திருத்தத்துக்கு வந்தது. தலைமை நடுவர் சுவையக்கா என்று தடித்த எழுத்தில் இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக ஊராரின் தவறுகளையெல்லாம் சுழித்துக் காட்டிய சிவப்புப் பேனா அந்த வரியின் மேல் சற்று நேரம் நின்றது. பிறகு கீழே, திருத்தம் ஏதுமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

அன்று திடலுக்குள் மிதிவண்டிகளில் விளைச்சல் கூடை கூடையாக வந்து இறங்கியது. நூலகச் சுவர் நெடுக முருங்கையும் பூசணியும் சாய்ந்து நின்றன. ஒரு மூலையில் மட்கு உரத்துக்கான தொட்டி. மறுமூலையில் தட்டுக் கழுவும் குழாய். மிதிவண்டிக் கடை வைத்திருந்த சங்கச் செயலாளர் கையில் மைக்கோடு அங்குமிங்கும் ஓடினார்; மைக்கின் கம்பி ஆட்களின் காலில் சிக்கிக்கொண்டே அவர் பின்னால் ஓடியது.

"சுவைப்பு ஆரம்பம்! எல்லாரும் முன்னால வாங்க. குழந்தைங்கள முன்னால விடுங்க. உயரமா இருக்கிறவங்க உக்காருங்க, இல்லேன்னா உங்க தலைய எடுத்துப் பையில வச்சுக்குங்க!"

பதினொரு தட்டுகள். சுவையக்கா ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். தூரப் பயணத்துக்குத் தேர்ந்த பழத்துக்குத் தோல் தடித்திருக்கும், நடுத்தண்டு வெளுத்திருக்கும், பல்லுக்கு எதிர்ப்பு இருக்கும். கண்ணும் விரலும் பல்லும் போதும், நாக்கு எதற்கு? ஒவ்வொன்றாக மென்று நகர்ந்தாள். ஐந்தாம் தட்டு எதிர்த்தது. ஏழாம் தட்டும் எதிர்த்தது. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே அவள் இரண்டு முறை நடந்தாள். கூட்டம் மூச்சடக்கி நின்றது. அவர்களுக்கு அது ஆழ்ந்த ஆராய்ச்சியாகத் தெரிந்தது.

கண்ணை மூடினாள். விரலை நீட்டினாள்.

"மாப்பிள்ளை இவர்தான்!"

ஏழு. திடல் அதிர்ந்தது. "எந்திரிங்க மாப்பிள்ளை, குட்டு வெளிப்பட்டுடுச்சு!" என்று ரொட்டிக்கடைக்காரர் தட்டைத் தட்டினார். செயலாளர் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்தார். சிரித்துக்கொண்டே படித்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது. மைக் மட்டும் நிற்கவில்லை.

"ஏழு... ஏழாம் நம்பரு... நம்ம தண்டவாளத்துத் தங்கச்சியோடது."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. திடலோரம் தான் விரித்த கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு நிமிர்ந்தாள்.

"என்னோடதா?"

"கடையில வாங்கிக் கலந்துட்டியா தங்கச்சி?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"ஐயோ அண்ணே, நாலு மாசம் குடத்துல தண்ணி சொமந்து வளத்தது!"

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஏழாம் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மெல்லும்போது அவள் பார்த்தது தட்டை அல்ல, சுவையக்காவின் முகத்தை. தன் கையால் நட்ட செடியின் பழம். அது தன் வாயிலேயே இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்பதை அடுத்தவளின் முகத்தில் தேடினாள்.

"ஆமாக்கா," என்றாள் மெதுவாக. "சப்புன்னுதான் இருக்கு."

அவ்வளவுதான், ஆளுக்கொரு துண்டாக எடுத்தார்கள். ஆமா ஆமா என்றார்கள். தண்ணி ருசி என்றார் ஒருவர். ருசியே இல்லை என்றார் இன்னொருவர். ஒரு விரல் நீண்டது. நல்ல பழம் ஒன்று ஊராரின் வாயிலெல்லாம் சுவையிழந்தது. காட்டிய விரலுக்குக் கண்ணே இல்லை என்பதை அறிந்தவள் அங்கே ஒருத்திதான்.

செயலாளர் நிலைமையைத் தூக்கி நிறுத்தினார். "நெசமான மாப்பிள்ளை அஞ்சாம் நம்பருங்க! ஆனா அக்கா வாய் பொய் சொல்லுமா? இந்த வருசம் நமக்கு ரெண்டு மாப்பிள்ளை, அவ்வளவுதான்! தங்கச்சி, மனசு விடாதே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்." சிரிப்பு எழுந்தது. கைதட்டலும் எழுந்தது. எல்லாம் சரியாகிவிட்டது. சுவையக்கா தப்பிவிட்டாள்; வெறும் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நாளைக்கே படி கிரீச்சிடும்.

அப்போதுதான் ரொட்டிக்கடைக்காரரின் கை அவள் கண்ணில் பட்டது. அவர் முன்பே தனியாகச் சுவைத்து மதிப்பெண் தாளில் எழுதியிருந்தார். ஏழாம் எண்ணுக்கு நேரே ஒன்பது. அந்த ஒன்பதை அவர் ரப்பரால் அழித்து, யாரும் பார்க்காத மாதிரி, நான்கு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

பிழையைச் சரியாக்குவதற்கே வாழ்நாளைக் கொடுத்தவள் அவள். தன் கண்ணெதிரே, தன் பெயரால், ஒரு சரி பிழையாகத் திருத்தப்படுவதைக் கண்டாள்.

"திருத்தாதீங்கண்ணே."

"இல்லக்கா, நான்தான் அவசரத்துல..."

"அந்த ஒன்பது சரி. அத அழிக்காதீங்க." அவள் செயலாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "ஒண்ணு சொல்லணும். எனக்கு நாக்கு போய்ப் பதினோரு மாசமாச்சு."

கூட்டம் சிரித்தது. அக்கா வேடிக்கை காட்டுகிறாள் என்றே நினைத்தது.

"சிரிக்காதீங்க. காய்ச்சல்ல போனது. உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. இந்தப் பதினோரு மாசத்துல என் மாடிக்கு வந்து கேட்டவங்க ஒவ்வொருத்தருக்கும் நான் சொன்னது பொய். உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். வெளிய பளபளப்பு, உள்ள ஒண்ணுமில்லேன்னு யாரையோ சொல்லிச் சிரிக்கிறோமே, அந்த மாப்பிள்ளை ஏழாம் தட்டுல இல்ல. மைக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவள் தண்டவாளத்துக்காரியின் பக்கம் திரும்பினாள். "என் மூஞ்சியப் பாக்காதே. தட்டப் பாரு. இன்னொரு துண்டு எடு. உன் வாய்க்கு எப்படி இருக்கு?"

அவள் எடுத்தாள். குனிந்துகொண்டே மென்றாள். நெடுநேரம் மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "புளிப்பு முன்னால வருது, இனிப்பு பின்னால வருது. ஆனா அந்த மெல்லிசுத் தோலு இதவிட நல்லா இருந்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்க்கா. நீங்க சொன்னீங்கன்னு அத்தனையையும் வேரோட பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிஞ்சேன்."

அவள் திரும்பி நடந்தாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப என் வெள்ளரிக்கு நீங்க சொன்னது?" என்று ஒருவர் கேட்டார்.

"பொய்."

"நான் கீரை விதையே மாத்திட்டேனே!"

"தெரியும்."

"தண்ணியக் கொறைக்கச் சொன்னீங்களேம்மா, பாதி காஞ்சு போச்சே!"

செயலாளர் மெல்ல மைக்கை வாங்கிக்கொண்டார். வாங்கி நிறுத்திவிட்டார்.

பரிசு எந்தத் தட்டுக்கு என்ற கேள்வி மட்டும் நடுவில் கிடந்தது. தீர்ப்புச் சொல்ல யாருமில்லை. முதலில் ஒரு தாத்தா துணிந்து மூன்றாம் தட்டில் கைவைத்தார். "எனக்கு இதுதான் புடிச்சிருக்கு," என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல. "போங்க பெரியவரே, அது ஒரே புளிப்பு!" என்றாள் பக்கத்தில் நின்ற தையற்காரி. "புளிக்காம இருந்தா அதுக்குப் பேரு தக்காளியா?" "அப்ப ஒம்பதாம் தட்டு என்ன, வெல்லமா?" நொடியில் திடல் பற்றிக்கொண்டது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். மறுத்தவரின் வாயில் மூன்றாமவர் ஒரு துண்டைத் திணித்தார். ரொட்டிக்கடைக்காரர் நான்கை அழித்து மறுபடியும் ஒன்பது போட்டு, அதற்காக இரண்டு பேரோடு சண்டையும் போட்டார்.

ஒன்பது ஆண்டுகளாக ஒரே ஒரு நாக்குக்கு அடங்கிக் கிடந்த நூறு நாக்குகள் அன்று விடுதலை பெற்றன. உழவன் எவனுக்கும் அடிமையல்ல என்று துண்டறிக்கை துண்டறிக்கையாக எழுதியவள் கேட்க விரும்பிய ஓசை அதுதான். ஆனால் அந்த ஓசையில் அவளுக்கு இடமில்லை. எந்தத் தட்டு நல்லது என்று அவளால் ஒரு சொல் சொல்ல முடியாது. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. கூட்டம் தட்டுகளைச் சுற்றி நெருங்க நெருங்க, அவள் ஓரத்துக்கு ஓரமாக வந்து, நூலகச் சுவரில் சாய்ந்திருந்த பூசணிகளின் பக்கம் நின்றாள். பிறகு அங்கிருந்தும் நடந்தாள். அவள் போனதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

படி அதன்பின் கிரீச்சிடவில்லை.

முதல் வாரம் அவள் கதவைத் தாழிடாமல் வைத்திருந்தாள். இரண்டாம் வாரம் முக்காலியின் மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்தாள். கோபம் கொண்டு கேட்கவாவது யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தாள். கோபத்துக்கும் ஆள் வரவில்லை. தெருவில் பார்த்தவர்கள் திட்டவில்லை. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் கடந்துபோனார்கள். அச்சகத்தில் அவளுடன் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவளருகே உட்காரத் தயங்கினார்கள். அவள் முன்னால் ருசித்துச் சாப்பிடுவதே பாவம் என்பது போல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். அது இரக்கம். அந்த இரக்கத்தால் அவள் தனியே உண்டாள்.

தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ என்ன சாப்ட்டேன்னு கேக்கிறத நிறுத்திடுவியோன்னு பயந்தேன்."

"லூசு," என்றாள் தங்கை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் வாரம், சங்கம் அடுத்து நடத்தவிருந்த கீரை நாளுக்கான துண்டறிக்கை திருத்தத்துக்கு வந்தது. வழக்கமாகத் தலைமை நடுவர் என்ற வரி இருக்கும் இடத்தில் வேறொரு வரி இருந்தது: வருவோர் அனைவரும் சுவைத்து வாக்களிக்கலாம். அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிழையில்லை. அந்த வரியை எழுதியது தானாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். திருத்தம் ஏதுமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டாள். இந்த முறை அது உண்மை.

ஏழாம் வாரம், ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில், படி கிரீச்சிட்டது.

அவள் முக்காலியின் மேலிருந்த துணிகளை அவசரமாக வாரிக் கட்டிலில் போட்டாள். வாசலில் தண்டவாளத்துக்காரி நின்றாள். கையில் ஒன்றுமில்லை.

"உக்காரு."

"உக்கார வரல. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அன்னிக்கு ரெண்டு பழம் கொண்டாந்தேனே, கடிச்சது போக மிச்சத்த என்ன பண்ணீங்க?"

சுவையக்கா கொடியருகே போனாள். தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை எடுத்துவந்தாள். எந்தக் கடையின் திறப்புவிழா அழைப்பிதழோ, அதன் பின்பக்கத்தில் இரண்டு வரிசையாக விதைகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. ஒரு வரிசையின் கீழ் மெல்லிய தோல் என்றும் மற்றதன் கீழ் தடித்த தோல் என்றும் எழுதியிருந்தது.

தண்டவாளத்துக்காரி மெல்லிய தோல் வரிசையை விரலால் தடவினாள். அவள் உதடு எண்ணிக்கொண்டே போனது.

"முப்பத்தொண்ணு," என்றாள். முகத்தில் ஏதோ தளர்ந்தது. பிறகு கொடியில் தொங்கிய பழைய தாள்களைப் பார்த்தாள். "அதுலெல்லாம் ருசி எழுதியிருக்கு. இதுல எழுதலியே?"

"அதுக்கப்புறம் எதுலயுமே எழுதல. வாயால பொய் சொன்னேன். காகிதத்துல எழுதக் கை வரல."

தண்டவாளத்துக்காரி அவளை உற்றுப் பார்த்தாள். தாளை நடுவில் மடித்து, மடிப்பில் எச்சில் தொட்டுக் கவனமாகக் கிழித்து, மெல்லிய தோல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"தடிச்சது என்கிட்ட இருக்கு. அது உங்களுக்கு."

அவள் வாசலுக்குப் போய்விட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்தும் சுவையக்காவின் வாய் கேட்டுவிட்டது.

"காய்ச்சா வந்து சொல்லுவியா?"

"வர மாட்டேன். எனக்கு இன்னும் கோவம் போகல." ஒரு படி இறங்கிவிட்டு அவள் நின்றாள். திரும்பாமலே பேசினாள். "நட்டா எட்டுப் பத்து நாள்ல மொளைக்கும். பாக்கணும்னா நீங்க எறங்கி வாங்க. எவ்வளவு நாளைக்குத்தான் ஊரே உங்களுக்காக ஏறிக்கிட்டிருக்கும்? தண்ணி சொமக்க எனக்கு ஆளும் இல்ல."

திருப்பத்தில் படி கிரீச்சிட்டது. பிறகு தெருக்கதவு சாத்தும் ஓசை.

பத்து நாள் போயின. பதினோராம் நாள் மாலை, வேலை முடிந்து மாடிக்கு ஏறிய சுவையக்கா ரொட்டியும் தக்காளியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தக்காளியைக் கடித்தாள். தோல் வெடித்தது, குளிர்ச்சி பரவியது, விதைகள் வழுக்கின. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மிச்சத்தை மூடிவைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அச்சகத்துக்கு அல்லாமல், கடைக்கு அல்லாமல், ஒரு வேலியோரம் முளை வந்ததா என்று பார்க்க மட்டும் அவள் இந்தப் படிகளில் இதுவரை இறங்கியதில்லை.

திருப்பத்துப் படி கிரீச்சிட்டது.

யாரோ வந்துவிட்டார்கள் என்று அவள் சட்டென்று நின்று, தன் கதவை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே யாருமில்லை. படியை மிதித்திருந்தது அவளுடைய கால்தான். அது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மிச்சப் படிகளில் இறங்கினாள்.